வாசிப்பு ஆய்வு: பள்ளிகளும் உரைகல்லும்

குழந்தை எப்படி வாசிக்கக் கற்கிறது என்ற கேள்வி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. சிகாகோ, கொலம்பியா, ஹார்வர்டு, இல்லினாய், அரிசோனா, ஆக்லாந்து, லண்டன் என்று ஊருக்கு ஒரு பள்ளி உண்டாயிற்று. சங்கீதத்தில் பாணி சொல்லிக்கொள்வதைப் போல இத்துறையிலும் இன்னாருடைய வழியில் வந்தவர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இன்று நம் ஆசிரியர் பயிற்சிகளில் ஒலியுணர்வு, சரளம், பொருளுணர்தல் என்று தாராளமாகப் புழங்கும் சொற்கள் எல்லாம் அந்தப் பள்ளிகளின் சண்டையிலும் சமரசத்திலும் பிறந்தவை.

பேராசிரியர்களின் சாதனையை ஆண்டறிக்கைகள் அளக்கும் விதம் நமக்குத் தெரியும்: எத்தனை கட்டுரை, எவ்வளவு நிதி, என்ன விருது. எழுத்தறிவுக் கல்வியில் அந்த அளவுகோல் மட்டும் போதாது. இங்கே இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். வாசிக்கும் குழந்தையின் அருகில் அமர்ந்து, அதன் பிழையைக் காதுகொடுத்துக் கேட்டாரா? கண்டுபிடித்ததை இன்னொருவர் சோதித்தபோது அது நின்றதா? இந்த இரண்டையும் உரைகல்லாக வைத்துக்கொண்டு பள்ளிகளை ஒரு சுற்று பார்க்கலாம்.

கண்ணில் தொடங்கியது

முதல் தலைமுறைக்கு வாசிப்பு என்பது கண்ணின் வேலை. ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வகத்தில் வில்ஹெல்ம் வுண்ட்டிடம் பயின்ற ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல், சிதறிக் கிடக்கும் எழுத்துகளைவிடச் சொல்லாகக் கோத்த எழுத்துகளைக் கண் ஒரே பார்வையில் அதிகம் பிடிக்கிறது என்பதை 1880களில் காட்டினார். எழுத்துக்கூட்டிக் கற்பிப்பதைவிட முழுச்சொல்லாகக் கற்பிப்பதே இயல்பு என்று வாதிட்டவர்களுக்கு இது பெரிய ஆயுதமாயிற்று. கேட்டல் சோதித்தது வாசிக்கத் தெரிந்த பெரியவர்களை என்பதைப் பலர் மறந்தார்கள்.

அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் ஹ்யூயி செய்தது இன்னும் துணிச்சலான காரியம். கண்ணை மரத்துப்போகச் செய்து, விழியின் மேல் பாரிஸ் சாந்தால் ஆன சிறு கிண்ணம் ஒன்றைப் பொருத்தினார். அதில் இணைத்த மெல்லிய அலுமினியக் குச்சி, சுழலும் உருளையின் புகைபடிந்த தாளில் கோடு கிழித்தது. வரியின் மேல் கண் வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவி நிற்கிறது என்பதை அந்தக் கோடுகள் காட்டின. 1908இல் வந்த அவருடைய நூலை, அறுபது ஆண்டு கழித்து 1968இல் எம்.ஐ.டி. பதிப்பகம் மறுபடி அச்சிட்டது. கல்வித் துறையில் அவ்வளவு காலம் தாங்கும் நூல்கள் குறைவு.

சிகாகோவும் கொலம்பியாவும்

சிகாகோ பள்ளியின் தலைமகன் வில்லியம் கிரே. வாய்விட்டு வாசிக்கவைத்து அளக்கும் தேர்வை 1915 வாக்கிலேயே உருவாக்கினார். வாசிப்பு ஆய்வுகளைத் திரட்டி ஆண்டுதோறும் தொகுப்புரை எழுதினார். 1956இல் தொடங்கிய பன்னாட்டு வாசிப்புச் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. அதே ஆண்டு யுனெஸ்கோவுக்காக அவர் எழுதிய உலகளாவிய ஆய்வுநூல், கையெழுத்துப் போடத் தெரிந்தால் எழுத்தறிவு என்ற பழைய கணக்கை மாற்றியது. தன் சமூகத்தில் எழுத்து தேவைப்படும் காரியங்களைச் செய்துகொள்ளும் அளவுக்குத் தேர்ச்சி வேண்டும் என்றது. வயது வந்தோர் கல்வியில் இன்றும் புழங்கும் ‘செயல்முறை எழுத்தறிவு’ என்ற கருத்து பரவ அது பெரிய காரணம். ‘டிக் அண்ட் ஜேன்’ வாசிப்புப் புத்தக வரிசையிலும் அவர் கை இருந்தது. கொஞ்சம் சொற்களையே திரும்பத் திரும்பப் போட்டு எழுதிய அந்தப் புத்தகங்கள் அமெரிக்க வகுப்பறைகளைப் பல்லாண்டு ஆண்டன. பின்னால் வந்த சண்டைக்கும் அவையே விறகு.

கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் எட்வர்ட் தார்ன்டைக் 1917இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பத்தியை வாசிக்கையில் நேரும் பிழைகளைப் பற்றியது அது. ஓர் ஊரில் குழந்தைகள் எந்தெந்த நிலைமையில் பள்ளிக்கு வராமல் இருக்கலாம் என்று சொல்லும் பத்தியைக் கொடுத்து, இந்தப் பத்தியின் பொருள் என்ன என்று கேட்டார். ஊர்ப் பெயரை மட்டும் எழுதினார்கள் சிலர். பெரிய எழுத்து என்று ஒரு விடை. அரை அங்குலம் இடம் விட வேண்டும் என்று இன்னொரு விடை. பத்தி என்ற சொல்லைக் கண்டதும், பத்தி எழுதும்போது ஓரத்தில் இடம்விடச் சொல்லிக்கொடுத்த பாடம் அந்தக் குழந்தைக்கு நினைவு வந்துவிட்டது. ஒரு சொல் அளவுக்கு மீறி வலுப்பெற்றால் மொத்தப் பொருளும் சாய்ந்துவிடுகிறது என்றார் தார்ன்டைக். தவறான விடைக்குச் சுழி போட்டு ஒதுக்காமல், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டதால்தான் பொருளுணர்தல் என்ற ஆய்வுத் துறைக்கே அடித்தளம் கிடைத்தது.

ஹார்வர்டின் தராசு

1955இல் ருடால்ஃப் ஃப்ளெஷ் எழுதிய ‘ஒய் ஜானி காண்ட் ரீட்’ என்ற நூல் முழுச்சொல் முறையைச் சாடியது. பெற்றோர் கொதித்தார்கள், பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். யார் சொல்வது சரி என்று பார்க்கும் பொறுப்பு கார்னகி நிதியுதவியோடு ஜீன் சாலிடம் வந்தது. போலந்தில் பிறந்து, யிடிஷ் பேசும் வீட்டிலிருந்து நியூயார்க் பள்ளிக்குப் போன பெண் அவர். பின்னாளில் ஹார்வர்டு பேராசிரியர்.

பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்பப் புரட்டினார், வகுப்பறைகளை நேரில் பார்த்தார், பாடநூல் ஆசிரியர்களைச் சந்தித்தார். 1967இல் வந்த அவருடைய நூலின் தீர்ப்பு தெளிவானது: தொடக்கநிலையில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை நேரடியாகக் கற்பிப்பதே நல்ல பலன் தருகிறது, ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு அது இன்னும் முக்கியம். தொடக்கத்துக்கு மட்டுமே அந்த முறை, அதிலேயே தேங்கிவிடக் கூடாது என்றும் அதே மூச்சில் எச்சரித்தார். எச்சரிக்கையை இரு தரப்பும் கவனிக்கவில்லை. புதிய சான்றுகளைச் சேர்த்து 1983இலும் 1996இலும் நூலைப் புதுப்பித்தார் சால்.

அதே 1967இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கை பாண்டும் ராபர்ட் டைக்ஸ்ட்ராவும், 27 ஆய்வுத் திட்டங்களை ஒருங்கிணைத்து முதல் வகுப்பு முறைகளை ஒப்பிட்டார்கள். முறைக்கும் முறைக்கும் இருந்ததைவிட இடத்துக்கு இடம் இருந்த வேறுபாடு பெரிதாகத் தெரிந்தது. புத்தகத்தை மாற்றுவதோடு நிற்காமல் ஆசிரியரைப் பயிற்றுங்கள் என்பதே அதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம்.

ஒரே பிழை, பல காதுகள்

ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். ‘பாட்டி சந்தைக்குப் போனாள்’ என்று அச்சிட்டிருக்கிறது. குழந்தை ‘பாட்டி கடைக்குப் போனாள்’ என்று வாசிக்கிறது. இது எப்படிப்பட்ட பிழை?

நல்ல பிழை என்பார் கென்னத் குட்மன். டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, அரிசோனாவில் பள்ளி அமைத்தவர் அவர். குழந்தை பொருளோடு வாசிக்கிறது, வாக்கியமும் கெடவில்லை, மனம் வேலை செய்கிறது என்பது அவர் கட்சி. பிழை என்ற பேச்சையே விட்டு, அதை வாசகர் மனத்துக்குத் திறந்த சன்னலாகப் பாருங்கள் என்றார். 1965இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பட்டியலில் தடுமாறிய சொற்களில் பெரும்பகுதியைக் குழந்தைகள் கதைக்குள் சரியாக வாசித்தார்கள்: முதல் வகுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் வகுப்பில் ஐந்தில் நான்குக்கும் மேல். வாசிப்பு என்பது மொழியறிவைக் கொண்டு ஊகிக்கும் விளையாட்டு என்று 1967இல் அவர் எழுதியது உலகமெங்கும் பரவியது.

நியூசிலாந்தின் டாம் நிக்கல்சன் அந்த ஆய்வைத் திரும்பச் செய்து 1991இல் வெளியிட்டார். குட்மன் முதலில் பட்டியலையும் பிறகு கதையையும் கொடுத்திருந்தார். இரண்டாம் முறை வாசிக்கும்போது தேர்ச்சி கூடாதா என்று கேட்டு, வரிசையையும் மாற்றிப் பார்த்தார் நிக்கல்சன். கதையின் சூழல் தடுமாறும் வாசகருக்கும் சிறு வயதினருக்கும் கைகொடுத்தது. நன்றாக வாசிப்போருக்குக் குட்மன் சொன்ன ஆதாயம் காணோம். ஊகம் திறமையின் அடையாளம் என்ற கொள்கையின் அடித்தூண் ஆடிப்போயிற்று. ஆனாலும் குட்மன் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் நின்றது. வட்டார வழக்கில் வாசிப்பதைப் பிழையென்று எண்ணக் கூடாது என்று கேத்தரின் பக்குடன் சேர்ந்து 1973இல் அவர் எழுதியதை இன்று யாரும் மறுப்பதில்லை.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் மேரி கிளே அதே பிழையைக் குறித்துவைக்கக் கற்றுக்கொடுத்தார். அறுபதுகளில், பள்ளியில் சேர்ந்த நூறு குழந்தைகளை முதல் ஆண்டு முழுதும் வாரந்தோறும் கவனித்து முனைவர் ஆய்வு செய்தவர் அவர். அதிலிருந்து வந்ததே ‘ரன்னிங் ரெக்கார்டு’ என்ற குறிப்பு முறை. ‘பாட்டி’க்கு ஒரு சரிக்குறி. அடுத்த இடத்தில் ஒரு கோடு, மேலே குழந்தை சொன்ன ‘கடைக்கு’, கீழே அச்சில் உள்ள ‘சந்தைக்கு’. ‘போனாள்’ என்பதற்கு மறுபடி சரிக்குறி. குழந்தை தானே நின்று ‘சந்தைக்கு’ என்று திருத்திக்கொண்டால் அதற்குத் தனிக்குறி, பிழைக் கணக்கில் அது சேராது. நூறு சொல்லில் தொண்ணூறுக்குக் கீழே போனால் அந்தப் புத்தகம் குழந்தைக்குக் கடினம். ஒரு தாளும் பென்சிலும் போதும், எந்த ஊர்ப் பள்ளியிலும் செய்யலாம்.

அவருடைய இன்னொரு கருவி ‘சாண்ட்’ என்ற சிறு கதைப் புத்தகம். சில பக்கங்கள் தலைகீழாக, சில சொற்களில் எழுத்துகள் இடம்மாறி அச்சிடப்பட்டிருக்கும். குழந்தையோடு அதைப் புரட்டிக்கொண்டே எங்கே தொடங்கி வாசிப்பது, எந்தப் பக்கமாகப் போவது என்று கேட்பார்கள். புத்தகம் என்ற பொருளையே குழந்தை எவ்வளவு அறிந்திருக்கிறது என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எழுபதுகளின் நடுவில் கிளே உருவாக்கிய ‘ரீடிங் ரெக்கவரி’ திட்டம், வகுப்பில் மிகவும் பின்தங்கிய ஆறு வயதுக் குழந்தைக்குத் தனி ஆசிரியரோடு தினமும் அரை மணி நேரம், 12 முதல் 20 வாரம் வரை பாடம் கொடுத்தது. எண்பதுகளில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் வழியாக அது அமெரிக்காவில் நுழைந்தது. ஓராண்டுக்குள் அளந்தபோதெல்லாம் பலன் பளிச்சென்று தெரிந்தது. ஒலிப் பயிற்சி போதவில்லை என்று மாஸி பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்மரும் ஜேம்ஸ் சாப்மனும் பல ஆண்டு வாதிட்டார்கள். 2022இல் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வர்கள் அதே குழந்தைகளை மூன்றாம், நான்காம் வகுப்பில் தேடிப் பார்த்தபோது, திட்டத்தில் சேர்ந்தவர்கள் சேராத ஒத்த குழந்தைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். நியூசிலாந்து அரசே 2025 முதல் எழுத்து-ஒலித் தொடர்பைப் படிப்படியாகக் கற்பிக்கும் முறைக்கு மாறிவிட்டது. கவனித்துப் பார்ப்பதில் கிளேக்கு இணை இல்லை. நீண்டகாலச் சோதனை மட்டும் தாமதமாக வந்தது.

ஒலியின் பக்கம்

அந்தப் பாட்டியின் சந்தையைக் கேட்டால், முதல் எழுத்தைக் குழந்தை பார்க்கவே இல்லையே என்பார்கள் கனெக்டிகட் பக்கத்தார். அங்கே இசபெல் லிபர்மன் 1974இல் குழந்தைகளிடம் ஒரு குச்சியைக் கொடுத்து, சொல்லில் எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனை முறை தட்டச் சொன்னார். நாலு வயதில் அசையைப் பிரித்துத் தட்டியவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. தனி ஒலியைப் பிரித்தவர் ஒருவரும் இல்லை. முதல் வகுப்பு முடிவில் அசையில் 90 விழுக்காடு, ஒலியில் 70 விழுக்காடு தேறினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் 1983இல், ஒலி விளையாட்டோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் சேர்த்துப் பயின்ற குழந்தைகளே வாசிப்பில் முந்தினார்கள் என்று காட்டினார்கள்.

இந்தப் பள்ளியின் வெற்றிக்கொடி, 2000இல் வந்த அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு அறிக்கை. ஒலியுணர்வு, எழுத்து-ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், பொருளுணர்தல் என்ற ஐந்தும் அதிலிருந்தே உலகப் பாடத்திட்டங்களுக்குப் போயின. சோதனைமுறை ஆய்வுகளை மட்டும் எண்ணிக்கொண்டு மற்றதை ஒதுக்கியது தகுமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. குழுவில் இருந்த பள்ளித் தலைவர் ஜோன் யாட்வின் தன் மறுப்பை எழுதி அறிக்கையோடு சேர்த்தார்.

இல்லினாய்: பொருளின் பக்கம்

1976இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வாசிப்பு ஆய்வு மையம் தொடங்கியது. அங்கே டொலோரஸ் டர்கின் செய்தது, வகுப்பறையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தது. நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களில் 4,469 நிமிடம் பார்த்தார். எப்படிப் புரிந்துகொள்வது என்று கற்பித்தது அதில் 20 நிமிடம். மற்ற நேரமெல்லாம் கேள்வி கேட்டார்கள், பயிற்சித் தாள் கொடுத்தார்கள், திருத்தினார்கள். சோதிப்பதைக் கற்பிப்பதாக நினைத்திருந்த ஆசிரியர் உலகத்துக்கு இது பேரிடி. சில ஆண்டில் அன்மாரி பாலின்க்சரும் ஆன் பிரவுனும், மாணவரே முறைவைத்து ஆசிரியராகிக் கேள்வி கேட்டு, சுருக்கி, ஐயம் தெளிந்து, அடுத்தது என்ன என்று ஊகிக்கும் பாடமுறையை வகுத்தார்கள்.

அந்த மையத்தின் ஆய்வுகளில் நமக்கு நெருங்கியது, மார்கரெட் ஸ்டெஃபன்சன், சித்ரா ஜோக்-தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் மூவரும் 1979இல் வெளியிட்டது. இரண்டு கடிதங்கள்: ஒன்று இந்தியக் கல்யாணத்தைப் பற்றியது, மற்றது அமெரிக்கக் கல்யாணத்தைப் பற்றியது. இந்தியரும் அமெரிக்கரும் இரண்டையும் வாசித்தார்கள். பாட்டியின் கல்யாண உடையை மணப்பெண் உடுத்தியது அமெரிக்கருக்குப் பாசத்தின் அடையாளம். பழைய உடையைப் போட்டுக்கொண்டாளே என்று பரிதாபப்பட்டார் ஓர் இந்தியர். மாப்பிள்ளை வீட்டார் ஸ்கூட்டர் கேட்டுவிடுவார்களோ என்று பெண்ணின் அப்பா பயந்தது நமக்கு விளக்கம் வேண்டாத வரி. அமெரிக்கருக்கு அந்தச் சீர் சங்கதி பிடிபடவில்லை. எழுத்தெல்லாம் தெரிந்தும் பொருள் நழுவுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

வகுப்பறைக்கு வெளியே

சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் லைபீரியாவின் வை மக்களிடம் போனார்கள். அங்கே வீட்டில் கற்கும் வை எழுத்து, ஓதக் கற்கும் அரபு, பள்ளியில் கற்கும் ஆங்கிலம் என மூன்று எழுத்தறிவு உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தாலே சிந்தனை மாறிவிடும் என்ற நம்பிக்கையை 1981இல் வந்த அவர்கள் நூல் உடைத்தது. மாற்றத்துக்குக் காரணம் எழுத்தைவிடப் பள்ளிப் படிப்பு என்று தெரிந்தது. ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983இல், அக்கம்பக்கத்து இரண்டு ஊர்களில் குழந்தைகள் வீட்டில் கேட்டு வளரும் பேச்சே வேறு என்றும் பள்ளி அதில் ஒன்றையும் முழுதாக மதிப்பதில்லை என்றும் காட்டினார். ஈரான் கிராமத்தில் களப்பணி செய்த பிரையன் ஸ்ட்ரீட் 1984இல் இதற்குக் கோட்பாடு கொடுத்து, பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பள்ளி வளர்த்தார். அளவுகோல் போதாத இடத்தில் கண்ணும் காதும் வேண்டும் என்ற நினைவூட்டல் இவர்கள் கொடை. அடுத்த வாரம் எதைக் கற்பிப்பது என்று கேட்கும் ஆசிரியருக்கு இவர்களிடம் விடை குறைவு.

நம் எழுத்துக்கு யார்?

மேலே சொன்னதில் பெரும்பகுதி ஆங்கிலத்தின் 26 எழுத்தை வைத்துச் செய்தது. இந்திய எழுத்துகள் அசையை ஒட்டியவை. பெங்களூரைக் களமாகக் கொண்டு உழைத்த சோனாலி நாக் 2007இல், கன்னட எழுத்துகளைக் குழந்தை கற்றுமுடிக்க நான்காம் வகுப்பு வரையும் ஆகிறது, தனி ஒலியைப் பிரிக்கும் திறன் மெதுவாகவே வருகிறது என்று காட்டினார். முதல் வகுப்பிலேயே எழுத்தறிவு முடிந்துவிட வேண்டும் என்ற ஆங்கிலக் காலண்டர் நமக்குப் பொருந்தாது என்பது இதன் சாரம்.

தமிழுக்கு 247 எழுத்து. ‘கெ’ என்பதில் ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’ என்பதில் உயிரின் அடையாளம் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. கல், தங்கம், அகம் மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. அதற்கு மேல் வீட்டுப் பேச்சு வேறு, புத்தக நடை வேறு. ‘போனாள்’ என்ற இடத்தில் குழந்தை ‘போனா’ என்று வாசித்தால் கிளேயின் தாளில் என்ன குறி போடுவது? எழுத்தைப் பார்க்காததா, பார்த்துத் தன் மொழிக்கு மாற்றியதா? ஆக்லாந்திலோ ஹார்வர்டிலோ இருப்பவர் இதற்கு விடை சொல்ல முடியாது. தமிழ்க் குழந்தையைக் கேட்டவரால்தான் முடியும்.

உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் சாலுக்கு முதலிடம் கொடுக்கலாம். களத்தையும் பார்த்தார், சான்றையும் புதுப்பித்தார். தார்ன்டைக்கும் டர்கினும் சிறிய வேலையால் பெரிய உண்மையைப் பிடித்தவர்கள். குட்மனும் கிளேயும் கேட்கக் கற்றுக்கொடுத்த ஆசான்கள். அவர்கள் கொள்கை தேய்ந்தாலும் அவர்கள் பழக்கம் தேயவில்லை.

நம் கல்வியியல் துறைகளில் கேள்வித்தாள் விநியோகித்து விழுக்காடு போட்டு முடியும் ஆய்வேடுகள் போதும். ஒவ்வோர் ஆய்வு மாணவரும் ஒரு தொடக்கப்பள்ளியில் ஓராண்டு உட்காரட்டும். எழுத்துப் பிழைக்கும் பேச்சு வழக்குக்கும் தனித்தனிக் குறியுள்ள தமிழ்ப் பதிவுத்தாள் ஒன்றைத் துறைகள் கூடி வகுக்கட்டும். ஒருவர் கண்டதை அடுத்த பல்கலைக்கழகம் சோதிக்கட்டும், தவறென்றால் அதையும் அச்சிடட்டும். இந்த மலரைப் படிக்கும் ஆசிரியர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு குழந்தையை அருகில் அழைத்து நூறு சொல் வாசிக்கச் சொல்லி, அது வாசித்ததை வாசித்தபடியே தேதியோடு எழுதிவையுங்கள். தமிழ் வாசிப்பு ஆய்வுக்கு இப்போது வேண்டிய முதல் சான்று அதுதான்.